பாகம் ஆறு: பஸ் இலக்கங்கள்

சிங்களத்தில் தொடருக்குப் பெயர் 'பிஸ்ஸு'.
தமிழுக்கு 'விசர்' என்று எழுதிக் கொடுத்தேன்.
சனல்காரர் அதை
'விநோத உலகம்' ஆக்கினார்கள்.
விசரில் இருந்த சூடு போயிற்று.

நான் படத்தில் வருவதில்லை.
சட்டகத்தின் மேல்விளிம்புக்கு இரண்டு விரல் வெளியே
நீளக் கம்பில் ஒலிவாங்கி பிடித்து நிற்பவள்.
மயிர் போர்த்த அந்த மைக்கோடு
தெமட்டகொடையில் ஒரு பூனை சண்டைக்கு வந்தது.

அது பர்ஹானாவின் பூனை.
பர்ஹானா லிஃப்டுகளின் சத்தம் சேர்க்கிறாள்,
இதுவரை இருநூற்றுப் பதினாறு.
கொள்ளுப்பிட்டியில் ஒன்று
ஐந்தாம் மாடிக்குச் சற்று முன்னால்
தொண்டையைச் செருமும் என்றாள்.
கருவிகளோடு போய் நின்றோம்.
செருமியது.

கொம்பனித்தெருவில் தூவான் ரிஸ்லி:
டீவி செத்துப்போன ரிமோட்டுகள் மட்டும்,
ஒரு சுவர் நிறைய.
ஒன்றை அமுக்கினால்
எதிர்வீட்டு ஏசி குளிரத் தொடங்குகிறது.
அவர்கள் இன்னும்
கரண்ட் கோளாறு என்றே நினைக்கிறார்களாம்.

பிறகு வெள்ளவத்தை, ஹம்டன் லேன்.
ஃபாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற அருட்குமரன்.
பதினான்கு வயதிலிருந்து
காலி வீதியில் கண்ட பஸ்களின் இலக்கத் தகடுகள்,
நாற்பத்தெட்டுக் கொப்பிகளில்.
எதற்கு என்று உதேஷிகா கேட்டாள்,
எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது.
'இருக்கிறதை எழுதிறன்' என்றார்.

பக்கம் புரட்டிக்கொண்டே வந்தவள்
இரண்டாயிரத்து ஆறில் நின்றாள்.
அங்கே பஸ்கள் இல்லை.
62 ஓட்டம், 3 விக்கெட், 48 பந்து, 1 அகலப்பந்து.
இது என்ன?
'கிரிக்கெட்.'
சேர்த்து வாசியுங்கோ என்றார் மெல்ல.
அறுபத்திரண்டு, முப்பத்துநாலு எண்பத்தொன்று.
மொறட்டுவைக்குப் போன பஸ்.

அந்தக் காலம்
எங்கள் பெயரோடு ஒருத்தன்
வாகன இலக்கங்கள் எழுதிய கொப்பியைச் சட்டைப்பையில் வைத்திருந்தால்
அதற்கு விசர் என்று பெயரில்லை.

மட்டையாளர்களும் இருந்தார்கள்: லேலண்ட், டாட்டா, இசுசு.
சோதனைச் சாவடியில் கொப்பியை விரித்த ஆமிப் பொடியன்
நெடுநேரம் வாசித்துவிட்டு
'ஆர் இந்த லேலண்ட், இப்பிடி அடிக்கிறான்?'
என்று கேட்டானாம்.
'இடதுகை' என்றாராம் இவர்.

நாங்கள் சிரித்தோம், கமரா கொஞ்சம் ஆடியது.
கொஞ்சக் காலம் எழுதாமல் விட்டிருக்கலாமே
என்றாள் உதேஷிகா.
அவருக்கு அது விளங்கவில்லை.
'பஸ் நிக்கேல்லையே.'

ஒவ்வொரு படப்பிடிப்பின் முடிவிலும்
எல்லாரையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வேன்.
வெறும் அறையின் ஒலி அது.
வெட்டின இடம் தெரியாமல்
ஒட்டுப்போடத் தேவைப்படும்.
மின்விசிறியை நிறுத்தினோம்.
நாற்பத்தோராம் நொடியில்
காலி வீதியிலிருந்து ஒரு ஹோர்ன்.
அருட்குமரன் அசையவில்லை.
பெருவிரல் மட்டும் முழங்காலில் எதையோ எழுதியது.

ஒளிபரப்பானபோது சாவடி இல்லை, பொடியன் இல்லை.
கொப்பி ஒருமுறை வந்து போனது, மேலே புல்லாங்குழல்.
'அருட்குமரனுக்குக் கிரிக்கெட்டிலும் ஈடுபாடு உண்டு'
என்றது ஒரு கனத்த குரல்.
அவர் பேச்சு இருந்த இடத்தில்
பதினொரு நொடி அமைதி.
எனக்குத் தெரியும் அது எதுவென்று.
அவருடைய அறையை வைத்தே
அவருடைய வாயை அடைத்திருந்தார்கள்,
நான் பிடித்துக் கொடுத்த அறை.

என்னிடம் இப்போது முப்பத்தொரு அறைகள் இருக்கின்றன.
வேலைக்குத் தேவையில்லை, அழிக்கவும் மனமில்லை.
இரவில் ஹெட்ஃபோன் போட்டுக்
கொட்டாஞ்சேனையில் இருந்து கேட்கிறேன்.
ரிஸ்லியின் சுவர் கொஞ்சம் இரைகிறது.
பர்ஹானாவின் அறையில் பூனை இல்லாததும் கேட்கிறது.
என்னை ஒருவரும் எதற்கு என்று கேட்டதில்லை.

அந்த ஒரு நிமிடத்தை மட்டும்
அருட்குமரனுக்கு அனுப்பினேன்,
நாற்பத்தோராம் நொடியில் வருவது எந்த பஸ்?

இரண்டு நாள் கழித்துப் பதில்:
'சத்தம் நல்ல தெளிவு, தங்கச்சி.
ஆனா கண்ணால காணாததை
நான் எழுதிறேல்லை.'